ஒறம்பரைப் பந்தி

அமாவாசையன்று காலையில் மில்லுக்குள் யாரும் சாப்பிடக் கூடாது. வயிறு நிறைந்திருந்தால் பயத்தில் வாந்தி வரும், வாந்தி வந்தால் உடம்பு குலுங்கும், குலுங்கினால் தொலைந்தோம். பாதி ஆயுசு கல்யாண மண்டபங்களில் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துப் பந்தி விசாரித்தவன் நான். உட்கார்ந்திருப்பவர்கள் பட்டினி கிடக்க, வந்து நிற்பவர்கள் பசியாறும் ஒரு பந்தியையும் நான்தான் விசாரிக்கப் போகிறேன் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவர் மேல் குழம்புக் கரண்டியை வீசியிருப்பேன்.

வரிசை போடுவது என் வேலை. பஞ்சு மூட்டை இறக்கும் முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, எல்லோரையும் சம்மணமிட்டு உட்கார வைப்பேன். கைக்குழந்தைகள் தாயின் மடியில். காய்ச்சல்காரர்கள் கடைசி வரிசையில். இடத்துக்குச் சண்டை வரும். கல்யாணப் பந்தியிலும் வரும்தான், ஆனால் அங்கே முதல் பந்திக்கு அடித்துக்கொள்வார்கள், இங்கே கடைசிப் பந்திக்கு. நான் யார் பேச்சையும் காதில் வாங்கமாட்டேன். போன மாதம் பின்னால் இருந்தவர் இந்த மாதம் முன்னால், அவ்வளவுதான் என் நியாயம். வரிசை போட்டவன் என்பதால் எனக்கு எப்போதும் கடைசி இடம். பந்தி விசாரிக்கிறவன் கடைசியில்தானே உட்கார வேண்டும்.

வெயில் முற்றத்தின் பாதியைத் தொடும்போது சுவரேறி இறங்குவார்கள், ஒறம்பரை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையும் சொந்தபந்தங்களையும் அப்படித்தான் சொல்வோம். யாரோ எகத்தாளத்துக்கு வைத்த பெயர். ஆனாலும் பொய்யில்லை. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் உள்ளே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்குச் சொந்தம்.

பெரிய பஞ்சம் வந்த வருடங்களில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நாக்கில் ஒரு சொட்டு விட்டார்கள். அதில் ஒரு கிருமி. குடலில் தங்கிக்கொண்டு, புல்லையும் சருகையும்கூட ஜீரணிக்க வைக்கும். அந்தச் சொட்டுதான் எங்களைப் பிழைக்க வைத்தது, அதில் சந்தேகமே இல்லை. நான் வேப்பம் புண்ணாக்கில் உப்புமா கிண்டிப் பரிமாறியிருக்கிறேன், ஜனங்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பஞ்சம் முடிந்து, மழை பெய்து, எல்லோரும் மறந்துபோன பிறகு, சிலர் வயிற்றில் இருந்த கிருமி மட்டும் ருசி மாறியது. புல் வேண்டாம், சோறு வேண்டாம், ஆடு கோழி வேண்டாம். மனிதக் கறி ஒன்றைத்தான் அது ஏற்றுக்கொண்டது. மாறியவர்களுக்குத் தாடை நீண்டது, தோல் வெளுத்தது, பேச்சு நின்றது, சுவரேறும் பலம் வந்தது. எங்களிடம் இருந்த துப்பாக்கிகள் முதல் வருடத்திலேயே தோட்டா தீர்ந்து விறகோடு விறகாகிவிட்டன. மிச்சம் இருந்தவர்கள் இந்தப் பழைய பஞ்சாலைக்குள் ஒண்டிக்கொண்டோம்.

முதலில் கண்ட நேரத்தில் வந்து கண்டவரைத் தூக்கினார்கள். அதில் ஒரு முறை இருக்கிறது என்று கண்டுகொண்டவள் என் மனைவி இலக்கியா. தண்ணீர்த் தொட்டி மேல் ஒளிந்திருந்தோம். கீழே கிழவர் ஒருவரை அவர்கள் சூழ்ந்து நின்றார்கள். சாயப் பட்டறைக் குழியில் தேங்கிக் கிடக்கும் மஞ்சள் தண்ணீரை ஒரு நெளிந்த சொம்பில் எடுத்துவந்து, அவர் தலையில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். கிழவர் பயத்தில் கட்டையாகிப் போயிருந்தார். இன்னொரு சொம்பு. அப்புறம் இன்னொன்று. பிறகு அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவன் தலையில் ஊற்றினார்கள். அவன் ஒருமுறை உடம்பைச் சிலுப்பினான். அடுத்த நொடி அவன் இல்லை.

“ஏனுங்க, அவுங்க தண்ணி தெளிச்சு உத்தரவு கேக்கறாங்க” என்றாள் இலக்கியா. “கெடாவெட்டுக்குக் கேக்கற மாதிரி.”

கோயிலில் கிடா வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு நிற்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டலாம். சிலுப்பாத ஆட்டின் மேல் கத்தி வைக்கக் கூடாது. எல்லாம் மறந்துபோன பிறகும் அவர்களுக்கு அது மறக்கவில்லை. எங்கள் ஜனம்தானே, எதை மறந்தாலும் இதை எப்படி மறக்கும். அன்றிலிருந்துதான் இந்த ஏற்பாடு. அமாவாசைக்கு நாங்களே வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். ஒருவர் சிலுப்பினால் அவரோடு அந்த மாதம் முடிந்தது. ஆளுக்கு ஒரு கூறு, அதை வைத்துக்கொண்டு அடுத்த அமாவாசை வரை மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடப்பார்கள். தாமாகச் செத்த உடம்பைத் தொடமாட்டார்கள். கொடுத்துப் பார்த்திருக்கிறோம், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கூறு போடுவதையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தேக்கிலையில் சமமாகக் கூறு வைப்பார்கள். போவதற்கு முன் ஒரு இலையை எடுத்துவந்து, போனவரின் தாய்க்கோ மனைவிக்கோ முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். ஆடு கொடுத்த வீட்டுக்கு ஒரு கூறு. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நாங்கள் அதை வாங்கிப் புதைப்போம்.

கண்டுபிடித்த இலக்கியாவே ஒரு அமாவாசையில் சிலுப்பினாள். தண்ணீர் ஊற்றும் முன்னாலேயே சிலுப்பிவிட்டாள். சொம்போடு அவள் முன்னால் வந்து நின்றது எங்கள் மகள் நிலானி.

நிலானிக்குச் சின்ன வயதிலிருந்தே குளிப்பது என்றால் கொண்டாட்டம். முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஒரு சிலுப்பு சிலுப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “இன்னொருக்கா” என்பாள். வெந்நீர் போட்டால் கோபம் வரும், அதில் சிலுப்பல் வராதாம். அவளைக் குளிப்பாட்டுவது என் வேலை. ஒரு சொம்புக்கு ஒரு சிலுப்பு, ஒரு சிரிப்பு. பஞ்ச காலத்தில் பிறந்த பிள்ளை, நாக்கில் சொட்டு வாங்கிய பிள்ளை. ஒருநாள் பாலைக் குடித்ததும் கக்கினாள். அப்புறம் கஞ்சி. அப்புறம் தண்ணீரைத் தவிர எல்லாம். என் மடியில் படுத்துக்கொண்டு என் கை விரலைச் சப்பிக்கொண்டே இருந்தாள், நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். மாறியவர்களைச் சுவருக்கு வெளியே விட வேண்டும் என்பது மில்லின் சட்டம். நானே தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை அவளைப் பார்க்கிறேன். அவர்களில் சின்னவர்கள் தண்ணீர் கொண்டுவர வேண்டும். இவள் அந்த நெளிந்த சொம்பைச் சிந்தாமல் கொண்டுவருவாள். வளர்த்தி நின்றுபோய்விட்டது, தாடை மட்டும் நீண்டிருக்கிறது. என் பக்கம் பார்ப்பாள், பார்வை என்னைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவருக்குப் போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் சஷ்டிகா ஒரு மத்தியானம் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். மில்லில் இருக்கும் ஒரே டாக்டர் அவள்தான். பட்டணத்தில் படித்தவள், கறி வாடையே ஆகாத குடும்பம். கல்யாணமான வருடமே அவள் புருஷனை வரிசையிலிருந்து கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு பழைய சாய லேபுக்குள் போனவள், சாப்பிடக்கூட வெளியே வருவதில்லை. நான்தான் தட்டைக் கொண்டுபோய் வைப்பேன், பாதி நாள் அப்படியே திரும்பி வரும். அன்று அவளே வந்து கேட்டு வாங்கி இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

“ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வர்றவங்க வெடவெடன்னு நடுங்குவாங்க, பாத்திருக்கீங்களாண்ணா? அதை நிறுத்தறதுக்கு ஒரு மருந்து இருந்துச்சு. அந்த மருந்தை உடம்பே தயார் பண்ணிக்கிட்டா, ஆயுசுக்கும் நடுக்கமே வராது.”

உடம்பு எப்படித் தயார் பண்ணும் என்று கேட்டேன். வயிற்றுக்குள் ஒரு கிருமி உட்கார்ந்துகொண்டு தயார் பண்ணும் என்றாள். எந்தக் கிருமி என்று கேட்டேன். தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அதே கிருமிதாண்ணா. வேற எதுவும் வயித்துல தங்க மாட்டேங்குது.”

அவள் கணக்கு எளிமையானது. தண்ணீர் ஊற்றினால் யாரும் சிலுப்பமாட்டார்கள். சிலுப்பாத ஆட்டை அவர்கள் தொடமாட்டார்கள். கறி கிடைக்காமல் இரண்டு மூன்று அமாவாசைக்குள் எல்லோரும் செத்துப்போவார்கள். பிறகு நாம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகலாம், விதைக்கலாம், ஆற்றில் குளிக்கலாம். மில் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது ஜனங்கள் அழுதார்கள். ஆளாளுக்கு முண்டியடித்து நாக்கை நீட்டினார்கள். நாக்கை நீட்டிச் சொட்டு வாங்குவது எங்களுக்குப் பழகிய காரியம்தான். சிலுப்பாத ஆட்டை என்ன செய்வார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை கிடாவெட்டுப் பார்த்த ஜனம், நானும் அதில் ஒருவன், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் முறை வந்தபோது வேண்டாம் என்றேன். சஷ்டிகா என்னைத் தனியே அழைத்துப்போனாள். காரணம் கேட்டாள்.

“என்ர பொண்ணு வெளிய நிக்கறா, சாமி.”

“அவளுக்கு உங்களத் தெரியாதுண்ணா. மூளையில அந்த எடமே இப்ப இல்ல. கைகாலுக்குப் பழகுனது மட்டுந்தான் மிச்சம். நீங்க யாரோ, அவ யாரோ.”

“தெரியாட்டிப் போகுது. பசி இருக்குதல்ல.”

அவளிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. எத்தனையோ கல்யாணங்களில் கடைசிப் பந்தியில் ஒருவர் பசியோடு எழுந்துபோய்விடக் கூடாது என்பதற்காக அரிசி இரவல் வாங்கி உலை வைத்தவன் நான். சொந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லும் காரியத்துக்கு நாக்கை நீட்ட என்னால் முடியாது. எல்லோரும் சிலுப்பாமல் இருக்கட்டும். நான் ஒருவன் சிலுப்புவேன். என் ஒரு உடம்பில் அவளுக்கு ஒரு மாதம் ஓடும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இலக்கியா போனபோதும் இதைத்தான் நினைத்தேன், அன்று நிலானிக்கும் ஒரு கூறு கிடைத்திருக்கும் என்று. இப்படியெல்லாம் ஒரு தகப்பன் நினைக்கலாமா என்றால், நினைக்கிறான், அவ்வளவுதான்.

சஷ்டிகா வாதாடவில்லை. உங்கள் இஷ்டம் அண்ணா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்யாண வீட்டில் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறவர் கையில் வேறு ஏதோ வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது புத்தியில் உறைக்கவில்லை.

அடுத்த அமாவாசை வந்தது. வழக்கம்போல எனக்குக் கடைசி இடம். முதல் ஆளுக்கு ஊற்றினார்கள். அசைவில்லை. மூன்று சொம்பும் ஊற்றிவிட்டு அடுத்தவருக்குப் போனார்கள். அவரும் அசையவில்லை. மூன்று வரிசை தாண்டியதும் அவர்களுக்குள் ஒரு குழப்பம் வந்ததைப் பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவர்கள் தண்ணீருக்குச் சுவரேறி ஓடி ஓடி வந்தார்கள். நிலானி ஒரு தடவை தடுக்கி விழுந்து, சிந்தாமல் மிஞ்சிய தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெயில் முற்றத்தைக் கடந்து போய்விட்டது. என் வரிசைக்கு வரும் முன்பே அவர்கள் களைத்துப்போய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவரேறிப் போய்விட்டார்கள்.

அன்று மில்லில் இருந்த சர்க்கரை முழுவதையும் போட்டுக் கேசரி கிண்டச் சொன்னார்கள். கிண்டினேன். ஜனங்கள் தின்றார்கள், ஆடினார்கள், சஷ்டிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அவள் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு மட்டும் கேசரி இறங்கவில்லை. கிண்டியவனுக்கு எப்போதுமே இறங்காது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் கைக்குழந்தை ஒன்று தாயின் பக்கத்திலேயே விறைத்துக் கிடந்தது. நோய் ஒன்றும் இல்லை, குளிர்தான். குளிர் அடித்தால் உடம்பு நடுங்கித்தான் தன்னைச் சூடாக்கிக்கொள்ளுமாம், நடுக்கம் போனால் அந்தச் சூடும் போயிற்று என்று சஷ்டிகா விளக்கினாள். எல்லோரும் இரண்டு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள் என்றாள். இரண்டு கம்பளிக்கு எங்கே போவது. பஞ்சு மூட்டையைப் பிரித்து உடம்பில் சுற்றிக்கொண்டோம். அப்படியும் இன்னொரு குழந்தை போனது, பிறகு ஒரு கிழவி. குழந்தையைப் புதைக்கும்போது அந்தத் தாய் அழுததை நான் மறக்கமாட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாயிலிருந்து ஓலம் வருகிறது, உடம்பு மட்டும் நட்டுவைத்த கம்பமாக நிற்கிறது. யாரோ வேறொருத்தி உள்ளே இருந்து அழுவது மாதிரி இருந்தது. சுற்றி நின்றவர்களும் அப்படித்தான் நின்றார்கள். என்னைக் குளிர் அவ்வளவாகப் படுத்தவில்லை. காலமெல்லாம் அடுப்படியில் வெந்த உடம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி அமாவாசைக்கு நான் வரிசையை மாற்றினேன். முதல் வரிசையில் முதல் இடத்தில் நானே உட்கார்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இடத்துக்குச் சண்டை போடும் வழக்கமே அப்போது போய்விட்டிருந்தது. சஷ்டிகா மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒறம்பரை வந்தார்கள். சுவரேறுவதற்கே பலமில்லை, ஒருவரை ஒருவர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. நாங்கள் பூசாரி என்று பெயர் வைத்திருந்த நெட்டையன்தான் எப்போதும் முன்னால் நிற்பான். அவனாலேயே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அவன் பின்னால் நிலானி, சொம்போடு. கை குச்சி மாதிரி இருந்தது. சொம்பு அவளைச் சுமக்கிறதா, அவள் சொம்பைச் சுமக்கிறாளா என்று தெரியவில்லை.

என் முன்னால் வந்தாள். எக்கி நின்று என் தலையில் ஊற்றினாள். மார்கழித் தண்ணீர், முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. சிலுப்பும் என்று காத்திருந்தேன். சிலுப்பவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினாள். உடம்பு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது சொம்புக்கு நானே தோளை ஆட்டினேன், தலையை உதறினேன், பல்லைக் கிட்டித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் குலுக்கிக் காட்டினேன். பூசாரி குனிந்து என் முகத்தைப் பார்த்தான். ஆட்டைக் கத்தியால் தட்டியோ காதில் ஊதியோ சிலுப்ப வைத்தால் அது சேராது, அது பொய் உத்தரவு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது. அவன் என் தலையில் கையை வைத்து ஆட்டத்தை நிறுத்தினான், மெதுவாகத்தான், ஒரு ஆட்டைத் தடவிக் கொடுக்கிற மாதிரி.

நான் சஷ்டிகாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“தொட்டித் தண்ணியிலயும் கலந்துட்டேண்ணா” என்றாள். “ஒருத்தர் சிலுப்புனாலும் அவங்க பொழைச்சுக்குவாங்க. மாசாமாசம் வருவாங்க. என்னை மன்னிச்சிருங்க.”

அவளை நான் திட்டவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

அப்போது பூசாரி தரையில் விழுந்தான். எங்களைப் பார்த்து இல்லை, வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் குப்புற விழுந்தான். அவன் பின்னால் எல்லோரும் விழுந்தார்கள். பேச்சு நின்றுபோனவர்கள் என்று இத்தனை வருடம் நாங்கள் நம்பியிருந்தவர்களில், பூசாரியின் தொண்டையிலிருந்து, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“என்ன கொறை வெச்சோம் சாமி? வாயத் தெறந்து சொல்லு சாமி.”

சிலர் தோப்புக்கரணம் போட்டார்கள். ஒருத்தி தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டாள். எங்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தீர்ந்தார்கள், பசியில் புத்தி பேதலித்துவிட்டது என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சஷ்டிகா மட்டும் சிரிக்கவில்லை. பேச்சு வருகிறதே, பேச்சு வருகிறதே என்று முனகிக்கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்தாள்.

“அண்ணா, சிலுப்பாத ஆட்டை விட்டுருவாங்கதானே? வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருவாங்கதானே?”

“இல்ல சாமி” என்றேன். “சாமி உத்தரவு குடுக்கலைன்னா நம்ம மேலதான் குத்தம்னு அர்த்தம். மன்னிப்புக் கேப்பாங்க. கேட்டுப்போட்டு, அவுங்க பட்டியில இருந்தே வேற ஆடு கொண்டாந்து நிறுத்துவாங்க. குறையில்லாத, எளங்குட்டியா.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் வேண்டுதல் எதுவும் ரத்தம் பார்க்காமல் முடிந்து நான் கண்டதில்லை. இது எனக்கும் தெரியும், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நாங்கள் ஆடாக உட்கார்ந்து உட்கார்ந்து, ஆடு ஓட்டிவந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதை மறந்துவிட்டோம்.

பூசாரி எழுந்தான். தன் ஆட்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். நிலானியின் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டான்.

நான் எழுந்து ஓடினேன். வரிசையிலிருந்து எழுந்தால் கிழித்துவிடுவார்கள் என்று நானே எத்தனையோ பேரை மிரட்டி உட்கார வைத்திருக்கிறேன். யாரும் என்னைத் தொடவில்லை. நிலானியைக் கட்டிப்பிடித்து என் உடம்புக்குள் மறைத்துக்கொண்டேன். என்னைக் கொண்டுபோங்கள் என்று கத்தினேன், இவளுக்காக வந்தவன் நான், இவளுக்காக மட்டும் வந்தவன் என்று கத்தினேன். கேட்டார்களா என்று தெரியாது. அவள் எலும்பும் தோலுமாக என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நின்றாள். என் கை விரல் அவள் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அவள் கடிக்கவில்லை.

எங்கள் இருவர் தலையிலும் தண்ணீர் விழுந்தது. ஒரே சொம்பு, ஒரே தண்ணீர். என் உடம்பு சும்மா இருந்தது. அவள் உடம்பில் உச்சந்தலையில் ஆரம்பித்துப் பாதம் வரை ஒரு சிலுப்பு ஓடியது. என் இரண்டு கைகளுக்குள்ளும் அதை உணர்ந்தேன். அப்படியே, மாறாமல், குளியலறையில் முதல் சொம்புக்கு வருகிற அதே சிலுப்பல். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்த நீண்ட தாடை விரிந்து பல்லெல்லாம் தெரிந்தது. அதைச் சிரிப்பு என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

பூசாரி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவசரமே படவில்லை. பிரித்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு சுவரேறினான். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

முற்றம் அமைதியாகிவிட்டது. எங்கள் ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து புட்டத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களே அவர்களைத் தின்று தீர்த்துக்கொள்வார்கள் என்று யாரோ சஷ்டிகாவிடம் சொல்லி வாழ்த்தினார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. நிலானிக்கு என்னைத் தெரியாது என்று அவள்தானே எனக்குச் சொன்னாள். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். நான் யாரோ, நிலானி யாரோ, அவர்கள் யாரோ.

கொஞ்ச நேரம் கழித்துப் பூசாரி மட்டும் திரும்பிச் சுவரேறி வந்தான். கையில் தேக்கிலை. முற்றத்தில் அத்தனை பேர் நின்றுகொண்டிருந்தோம். அவன் யாரையும் தேடவில்லை. நேராக என்னிடம் வந்து, குனிந்து, இலையை என் முன்னால் வைத்தான். ஆடு கொடுத்த வீட்டுக்கு ஒரு கூறு.

அவன் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அழுதேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். இருக்கும். உடம்பு நடுங்கவில்லை.